கொக்குப் பார்க்கக் கூட்டமாகப் போவது எப்படி?

தனியாகப் போய்ப் பறவை பார்க்கிற மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். யாருக்கும் சொல்லாமல் விடியப்புறத்தில் எழும்பி, ஒரு தொப்பியும் குறிப்புக் கொப்பியுமாகக் குளக்கரையில் இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்துவிட்டு வருவார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் அப்படிக் குந்தியிருந்தால், வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டு வந்துவிட்டார் என்றுதான் ஊர் நினைக்கும். இரண்டு பேர் வந்து சமாதானம் பேசிக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆகவே கிழக்கிலங்கைக் கரையின் பாண்டிருப்பு, மருதமுனை, நற்பிட்டிமுனை, கல்முனை, சாய்ந்தமருது வாசிகள் பறவை பார்ப்பதானால் கூட்டமாகப் போவதே மரியாதை. அதற்குச் சில ஒழுங்குமுறைகள் உண்டு.

முதல் வேலை நிர்வாக சபைத் தெரிவு. தலைவர், செயலாளர், பொருளாளர், அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் உப ஆள், பிறகு போஷகர்கள். போஷகராக வருகிறவரிடம் வான் இருக்கவேண்டும். தமிழர், முஸ்லிம் என்ற இரண்டு இனத்தவரும் எல்லா ஊரும் சமமாக இருக்கவேண்டும் என்பதால் சபையில் ஆள் கூடிக்கொண்டே போகும். கவலை வேண்டாம், பயணம் போகிற ஆட்களும் அவர்கள்தான். கூட்டத்தில் பறவையைப் பற்றி உண்மையாகவே ஏதும் தெரிந்த ஒருவர் தப்பித்தவறி இருந்தால் அவரை ஆலோசகர் ஆக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

இரண்டாவது, ரீசேட். நிறம் மஞ்சளாக இருக்கட்டும், வீதி வேலை செய்கிறவர்கள் போடுகிற மஞ்சள். மனிதக் கண்ணில் நிறம் பிரிக்கிற கூம்புக் கலங்கள் மூன்று வகை, பறவைக்கு நான்கு வகை. எங்களுக்குத் தெரியாத புறஊதா நிறமும் அதற்குத் தெரியும். எனவே உங்கள் சங்கத்தின் பெயரை வயல் வட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அவை வாசித்துவிடும். பதாகையில் பிரதம அதிதியின் படம் பெரிதாகவும் போஷகர்களின் படங்கள் நடுத்தரமாகவும் வரவேண்டும். மூலையில் மிஞ்சுகிற இடத்தில் ஒரு பறவை. வழக்கப்படி அது இணையத்தில் எடுத்த தென்னமெரிக்கப் பஞ்சவர்ணக்கிளியாக இருக்கும்.

நாள் குறிப்பது சிரமமான காரியம். வெள்ளி ஜும்ஆ. சனி பிள்ளைகளுக்கு ரியூசன். ஞாயிறு யாருடைய வீட்டிலாவது கலியாணம். மிஞ்சுவது போயா தினம். எந்த மாதப் போயா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பதாகையில் 'வசந்தகாலப் பயணம்' என்று அச்சடித்திருப்பார்கள். எங்கள் கரையில் மாரி ஓய்ந்து கச்சான் காற்றுத் தொடங்குகிற வரைக்கும் கிடைப்பது பெரும்போக அறுவடையும் புழுதியும் வெயிலும்தான். ஆனால் பறவைக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. மார்கழி வெள்ளம் மெல்ல மெல்ல வடிந்து வட்டையின் பள்ளங்களில் சேறு தெரியத் தொடங்கும். சேற்றில் புழு, புழுவுக்கு உள்ளான். வெட்டு மெசின் போகிற வயலில் அதன் பின்னாலேயே கொக்குக் கூட்டம் நடந்து வரும். மெசின் கிளப்பிவிடுகிற வெட்டுக்கிளியும் தவளையும் அதற்குக் கூலி.

சைபீரியாவிலும் நடு ஆசியாவிலும் முட்டையிட்டுவிட்டு ஓகஸ்ட், செப்டெம்பரில் இங்கே இறங்கிய பறவைகள் ஏப்ரல் முடிவதற்குள் திரும்பிவிடும். திரும்புவதற்கு முன்னர் உடுப்பு மாற்றும். ஜனவரியில் பார்த்தால் மீசை ஆலா வெள்ளையும் வெளிர்சாம்பலுமாக, பார்த்ததும் மறந்துபோகிற ஒரு பறவை. ஏப்ரலில் அதே ஆலாவுக்குத் தலையில் கரிய தொப்பி, வயிறு கருஞ்சாம்பல், இரண்டுக்கும் நடுவே கன்னத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. இங்கேயே இருக்கிற பறவைகளும் சும்மா விடுவதில்லை. உண்ணிக்கொக்கின் தலையிலும் கழுத்திலும் செம்மஞ்சள் ஏறும். குருட்டுக் கொக்கின் முதுகு மெரூன் நிறமாகும். 2024 ஏப்ரலில் நோன்புப் பெருநாளும் சித்திரை வருடப்பிறப்பும் ஒரே வாரத்தில் வந்தபோது கல்முனை பஸார் எப்படி இருந்ததோ, அப்படி இருக்கும் அந்த நாட்களில் வட்டை.

இதையெல்லாம் கவனத்தில் எடுத்துப் பயணத்தை மே மாத நடுவில் வையுங்கள். மே இரண்டாவது சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் தினம், பதாகைக்குப் பொருத்தமாக இருக்கும். அன்றைக்கு வலசைப் பறவைகளில் அநேகமாக ஒன்றும் இங்கே இராது, அது ஒன்றுதான் குறை. தவறுதலாக யாராவது பங்குனியில் நாள் குறித்துவிட்டால் மேற்கொண்டு வாசியுங்கள்.

எங்கே போவது? குழு ஒரே குரலில் குமண என்று சொல்லும். குமணவைப் பழுது சொல்ல என்னாலும் முடியாது. பொத்துவில், பாணமை தாண்டி, உகந்தை முருகன் கோயிலடியால் உள்ளே போனால் கண்டல் மரங்கள் சூழ்ந்த குமண வில்லு. மே, ஜூனில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கரண்டிவாயனும் ஒரே மரத்தில் மாடி மாடியாகக் கூடு கட்டும். 250க்கு மேற்பட்ட பறவையினங்கள் பதிவான காடு. யுத்தத்தால் 1985 இல் பூட்டி 2003 இல் திறந்தார்கள். முன்னர் கிழக்கு யால என்றிருந்த பெயரை 2006 இல் குமண என்று மாற்றினார்கள். 2010 இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இத்தனை பெருமை உள்ள இடத்துக்கு ஜீப், நுழைவுக் கட்டணம், வழிகாட்டி, நாள் முழுக்கப் பயணம் எல்லாம் வேண்டும். போஷகரின் வான் பாணமைக்கு அப்பால் போகாது என்பது பிறகு தெரியவரும்.

அப்போது ஆலோசகர் மெதுவாகக் கிட்டங்கி என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். "கிட்டங்கியா? அது நாம தினமும் போற பாதைதானே!" தினமும் போகிற பாதையில் பறவை இருக்கலாம் என்பதை நம்ப ஒருவரும் தயாராக இல்லை. கல்முனையிலிருந்து மேற்கே நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு. வீடுகள் முடிய வட்டை, வட்டை முடிய நீர். நாவிதன்வெளிப் பக்கம் போகிறவர்கள் அந்த நீருக்குக் குறுக்கே கிடக்கிற கிட்டங்கித் தாம்போதியைத்தான் கடக்கவேண்டும். மாரியில் வெள்ளம் மேவிப் பாயும்போது பாதை மூடிவிட்டதென்று செய்தியில் வரும் பெயர் அது. வெள்ளம் இல்லாத காலத்தில் அதற்குச் செய்தி இல்லை. அங்கே மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஐந்து நிமிடம் நின்றவர்களைவிட, ஆற்றுவாழையில் போத்தலை எறிந்துவிட்டு நிறுத்தாமல் போனவர்கள் அதிகம்.

நின்று பார்த்தால் இப்படி இருக்கும். ஆற்றுவாழையின் ஊதாப் பூவுக்கு நடுவே அதே ஊதாவில் ஒன்று அசையும். பூ அசைகிறது என்று நினைப்பதற்குள் சிவந்த சொண்டு ஒன்று எழும்பும். நீலத்தாழைக்கோழி. தண்டைப் பிடுங்கி, மனிதர் கையில் பிடிப்பதுபோல ஒரு காலால் பிடித்துக்கொண்டு கடிக்கும். பக்கத்தில் நத்தைகுத்தி நாரை, சொண்டு இரண்டும் நடுவில் பொருந்தாமல் இடைவெளி விட்டு நிற்கும். அது பிறவிக் குறை இல்லை, குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளர வருவது. தண்ணீருக்குள் தலையை விட்டு, நத்தையை எடுத்து, கோதை உடைக்காமல் சதையை மட்டும் உருவிக்கொள்ளும். மின்கம்பியில் செம்பருந்து. கம்பத்தடியில் நெடுங்கால் உள்ளான், இளஞ்சிவப்புக் கால்களில் நிற்கிறதா மிதக்கிறதா என்று தெரியாது. இதற்கெல்லாம் நுழைவுக் கட்டணம் இல்லை. அதனால்தான் குழுவுக்கு அந்த இடம் பிடிக்காது. ஆனாலும் வான் போகக்கூடிய தூரம் அதுதான் என்பதால் கிட்டங்கி முடிவாகும்.

புறப்படும் நேரம் காலை ஐந்தரை என்று போடுங்கள். இதில் எங்கள் ஊர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவர்கள் பாதிப்பேர், கோயில் மணிக்கு எழும்பியவர்கள் மீதிப்பேர். மற்ற ஊர்களில் பறவை பார்க்கிறவர்கள் அலாரம் வைத்துப் படுகிற பாடு எங்களுக்கு இல்லை. வட்டை மேற்கே இருப்பதால் காலை வெயில் கடல் பக்கமிருந்து வந்து முதுகில் விழும். முன்னால் நிற்கிற ஒவ்வொரு பறவையின் இறகும் துலக்கமாகத் தெரியும். பின்னேரம் போனால் வெயில் கண்ணில் குத்தும், எல்லாப் பறவையும் காகம் போலத் தெரியும். இத்தனை அனுகூலங்களோடு ஐந்தரைக்கு எல்லாரும் விழித்திருப்பார்கள், ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள். போஷகர் வீட்டில் பிளேன்ரீ. பிளேன்ரீயோடு மாலு பணிஸ். மாலு பணிஸ் வந்தால் இடியப்பமும் வரும். மாசிச் சம்பலைப் பற்றி ஒருவர் நல்லது சொல்ல, செய்த கையைப் பற்றி இன்னொருவர் சொல்ல, உள்ளேயிருந்து இன்னொரு கோப்பை வரும். எட்டரைக்கு வான் நகரும். பிறகு கல்முனையில் ஒருவரை ஏற்ற நிற்கும். அவர் அப்போதுதான் குளிக்கப் போயிருப்பார்.

மதியச் சாப்பாட்டுக்குத் தனி உபகுழு உண்டு. சஹன் வைப்பதா பார்சலா என்பது அவர்களுடைய முதல் பிரச்சினை. ஒரு சஹனில் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற அழகே அழகு, ஆனால் வட்டை வரம்பில் ஆறு பேர் வட்டமாக இருக்க இடம் இல்லை. மச்சம் சாப்பிடாதவர்களுக்கு மரக்கறிப் பார்சல். எருமைத் தயிர்ச் சட்டி எத்தனை என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற எதிலும் சண்டை வராது.

வானில் ஸ்பீக்கர் பெட்டி கட்டாயம். பாட்டு இல்லாத பயணத்தை எங்கள் பொடியன்கள் பயணம் என்று ஒத்துக்கொள்வதில்லை. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் மேர்லின் என்றொரு செயலி இருக்கிறது, பறவை கத்துவதைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதைப் போனில் இறக்கி வைத்திருப்பது நல்லது. ஸ்பீக்கரை நிறுத்தினால்தான் அதற்குக் காது கேட்கும் என்பதால் அதைத் திறக்கவேண்டிய அவசியம் வராது. நீங்கள் இறங்கியதை வட்டை முழுவதற்கும் ஆக்காட்டி அறிவித்துவிடும். ஆள் கண்டால் கத்துவது அதன் தொழில். அன்றைக்குக் கொஞ்சம் கூடக் கத்தவேண்டியிருக்கும்.

பைனாகுலர் ஒன்று போதும். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து அலுமாரிக்கு மேல் வைத்தது. அதை முதலில் பிரதம அதிதி பார்ப்பார், பின் போஷகர், பின் தலைவர். வாரைக் கழுத்தில் போட்டவர் கழற்றமாட்டார் என்பதால் அடுத்தவர் அவருடைய கன்னத்தோடு கன்னம் வைத்துப் பார்க்கவேண்டும். பறவை இருக்கிற இடத்தைக் காட்டிக் கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, அதில் வருகிற காக்கா அண்ணன்தான், காகம் இல்லை:

"எங்க காக்கா?"

"அந்தா, ஆத்துவாழைக்கு அங்கால."

"எந்த ஆத்துவாழை? முழுக்க ஆத்துவாழைதானே."

"ஒரு எருமை நிக்குதா?"

"நிக்குது."

"அதுக்கு வலப்பக்கம் ரெண்டு பாகம் தள்ளிப் பாரு."

"எருமை நடக்குது காக்கா."

"அப்ப இடப்பக்கம்."

இப்படி அடையாளம் சொல்லிக்கொண்டிருக்கையில் குருட்டுக் கொக்கு உங்கள் காலடியிலிருந்து எழும்பும். நிற்கும்போது சேற்று நிறம், பறக்கும்போது முழு வெள்ளை. வைக்கோலும் சேறுமாகக் கிடந்த இடத்திலிருந்து ஒரு வெள்ளைப் பறவை கிளம்பிப் போவதைப் பார்த்து எல்லாரும் "ஆ!" என்பார்கள். அது இறங்கிச் சிறகை மடக்கியதும் மறுபடி இல்லாமற் போகும். எத்தனை பேர் எத்தனை கண்ணால் பார்த்தாலும் இறங்கிய இடத்தில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஒரு பறவையை வைத்தே ஒரு பயணத்தை நடத்திவிடலாம்.

பெயர் சொல்வதில் தயக்கம் கூடாது. வெள்ளையாக நின்றால் கொக்கு, கறுப்பாக நின்றால் நீர்க்காகம், சிறிதாக ஓடினால் உள்ளான், மற்றதெல்லாம் வெளிநாட்டுப் பறவை. ஆலோசகர் இடையில் புகுந்து வெள்ளைக் கொக்கிலேயே நான்கு உண்டு என்று சொல்லப் பார்ப்பார். கறுப்புச் சொண்டும், கறுத்த காலில் மஞ்சள் பாதமுமாக இருந்தால் சின்னக்கொக்கு. மாட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் சொண்டோடு நிற்பது உண்ணிக்கொக்கு. எல்லாவற்றிலும் பெரியது பெருங்கொக்கு, அதன் வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். அந்தக் கோடு கண்ணோடு நின்றுவிட்டால் நடுத்தரக்கொக்கு. இதை அவர் சொல்லி முடிப்பதற்குள் செயலாளர் நேரத்தைப் பார்ப்பார். ஜி. எம். ஹென்றி 1955 இல் வெளியிட்ட இலங்கைப் பறவை நூலைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு கொக்கையும் பிரித்தறிய ஒரு காலை போதும். எங்களுக்கு அந்தக் காலை பணிஸோடு முடிந்துபோயிற்று.

அடுத்து வரவேண்டிய கேள்வி, வந்தே தீருகிற கேள்வி: "இதைத் தின்னலாமா?"

யாராவது கேட்டால் சிரிக்காதீர்கள். உபகண்டத்தின் மிகப்பெரிய பறவையியலாளர் அந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்பி வந்தார். 1896 இல் பிறந்த சாலிம் அலி, பம்பாயில் தாய்மாமன் அமீருத்தீன் தய்யப்ஜியிடம் வளர்ந்த பொடியன். விளையாட்டுத் துப்பாக்கியால் சிட்டுக்குருவி சுடுவது பொழுதுபோக்கு. ஒருநாள் விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் அடையாளம் இருந்தது. இது முஸ்லிம்கள் சாப்பிடக்கூடிய பறவைதானா என்ற சந்தேகத்தில் மாமனிடம் கொண்டு ஓடினார். மாமனுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட், அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு விடாமல், அலுமாரிகளைத் திறந்து பாடம் செய்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். 1985 இல் வெளிவந்த சுயசரிதையில் இதையெல்லாம் சாலிம் அலியே சொல்லியிருக்கிறார். கெற்றப்போலோடு திரிகிற எங்கள் பொடியன்களுக்கு இல்லாதது ஆர்வம் அல்ல, கேள்வி கேட்டால் அலுமாரியைத் திறந்து காட்ட ஒரு மில்லார்ட். எங்களிடம் கேட்டால் கிடைப்பது இரண்டு பதில்: "இறைச்சி நல்லா இருக்கும்" அல்லது "வாய மூடிட்டு வா". மூன்றாவது பதிலும் இருக்கிறது. 1937 இன் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி இந்த வட்டையில் நிற்கிற நாரையையோ கொக்கையோ பிடித்தால் மறியலுக்குப் போகலாம்.

இதற்கிடையில் தாம்போதிக்குப் பக்கத்தில் ஒருவர் தோணியில் நின்று வீச்சு வலை வீசிக்கொண்டிருப்பார். அல்லது எருமைப் பட்டியோடு ஒருவர் தடியை ஊன்றி நிற்பார். நிர்வாக சபை அவரைக் கவனிக்கக்கூடாது, அவரிடம் லென்ஸ் இல்லை. முக்குளிப்பான் எந்தப் பற்றைக்குள் கூடு வைத்திருக்கிறது, இந்த வருடம் தாரா எந்த மாதம் இறங்கியது, போன வருடம் எத்தனை நாள் பிந்தியது, எந்த மூலையில் முதலை கிடக்கும் எல்லாம் அவருக்குத் தெரியும். அதனால்தான் அவரோடு பேசினால் நேரம் போய்விடும். அவராகவே வந்து, "தம்பிமாரே, அந்தப் பாட்டுச் சத்தத்தக் கொஞ்சம் குறைச்சா அது கிட்ட வரும்" என்று சொன்னால் புன்னகைத்துவிட்டு அவரோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்துக்குக் கீழே 'உள்ளூர்வாசி ஒருவர்' என்று போடலாம். தண்ணீருக்குள் இறங்குகிற விஷயத்தில் மட்டும் பகிடி இல்லை. அவர் இறங்கவேண்டாம் என்றால் இறங்கவேண்டாம், ஆற்றுவாழைக்குக் கீழே கிடப்பது வெளியே தெரியாது. பொழுதுபட முன்னர் திரும்பிவிடுங்கள் என்று அவர் சொன்னால் அது யானைக்காக.

குழுப்படம் இல்லாமல் பயணம் நடந்ததற்கு ஆதாரம் இல்லை. எல்லாரும் பறவைக்கு முதுகைக் காட்டி, பதாகையை விரித்து நிற்கவேண்டும். பின்னணி வெறுமையாகத் தெரிந்தால் ட்ரோனை விடுங்கள். ட்ரோன் எழும்பியதும் வட்டையில் இருந்த அத்தனையும் எழும்பும். ஆலா, உள்ளான், சிறகி, கொக்கு எல்லாம் ஒரே நேரத்தில் வானத்தில். காணொளிக்கு 'கண்கொள்ளாக் காட்சி' என்று தலைப்பு. அந்தக் காட்சிக்குரிய செலவைப் பறவை கட்டும். பங்குனியில் அது தின்கிறதெல்லாம் வழிப்பயணத்துக்கான கொழுப்பு. 2022 ஒக்டோபரில் ஒரு பட்டைவால் மூக்கன், பிறந்து ஐந்து மாதமே ஆனது, அலாஸ்காவிலிருந்து தஸ்மேனியா வரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீற்றர் பறந்தது, உடலில் பொருத்திய கருவி காட்டியபடி. அந்த இனம் புறப்படுமுன் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு குடலையும் இரைப்பையையும் சுருக்கிக்கொள்ளும். எடையில் அவ்வளவு கணக்குப் பார்க்கும். எங்கள் உள்ளான் அத்தனை தூரம் போவதில்லை என்றாலும், அதற்கும் இமயத்தின் அந்தப் பக்கம் போகவேண்டும். ஒரு மணித்தியாலத்தில் நாலு தரம் எழுப்பிவிட்டால் அதன் கணக்கில் நாலு தரம் கை வைத்த மாதிரி.

எண்ணிக்கை கேட்பார்கள். 1987 இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. இங்கே அதைப் பார்ப்பது 1943 இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகம். அவர்கள் கூட்டத்தில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொண்டு, அதே அளவால் மீதியை அளப்பார்கள். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். 'ஆயிரக்கணக்கான வெளிநாட்டுப் பறவைகள்' என்று எழுதிவிடுங்கள், ஒருவரும் திருப்பி எண்ணப் போவதில்லை.

சாப்பிட்ட லஞ்ச் சீற்றை என்ன செய்வது என்று கேட்கிறவர்கள் அடுத்த வருடம் வரவேண்டாம்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பறவை எதிரில் வரும், பொறுமை இருந்தால் பாருங்கள். நீளவால் இலைக்கோழி. ஆற்றுவாழை இலையிலும் அல்லி இலையிலும் நடக்கும். விரல்கள் அவ்வளவு நீளம் என்பதால் பாரம் பரவி இலை அமிழாது. பொட்டைக்குப் பல சோடி. முட்டையை இட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த சேவலிடம் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவல். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிற எங்கள் கரையில் இதைச் சொன்னால் ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இலைக்கோழிக்கு ஒரு வசதி, மகள்மாருக்கு வீடு கட்டிக்கொடுக்கும் கடன் அதற்கில்லை.

எங்களுக்கு அது இருக்கிறது. தமிழருக்கும் முஸ்லிமுக்கும் இந்தக் கரையில் ஒரே வழக்கம், பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது வீடும் கொடுக்கவேண்டும். மூன்று மகள் என்றால் மூன்று வீடு. கிழக்கே கடல், மேற்கே வட்டை, நடுவில் ஒரு ஒடுங்கிய நிலத்துண்டில் இத்தனை ஊர். 2004 டிசம்பரில் கடல் வந்து கரையோர வீடுகளைக் கொண்டுபோனது. பிறகு வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், பின்னர் தளர்த்தினார்கள். அதற்குள் வட்டைப் பக்கம் பார்க்கப் பழகிவிட்டோம். வயற்காணியில் நிரப்பு மண் கொட்டுவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும். மண் ஏற்றிய ரிப்பர் இரவில் வரும் காரணம் அதுதான். முதலில் வரம்போரம் ஒரு குவியல், அடுத்த மாதம் நாலு குவியல், அதன்மேல் கொட்டில், பிறகு மின்சாரக் கம்பம். மாரியில் வட்டையில் நிற்கவேண்டிய தண்ணீர் இடம் தேடிக் குசினிக்குள் வரும்போது அதற்கும் ஒரு குழு அமைப்போம்.

மண் கொட்டுகிற தகப்பனைப் பார்த்துப் பகிடி பண்ண எனக்கு வாய் வரவில்லை, அவருக்கு மூன்றாவது மகளுக்கு வயது வந்துகொண்டிருக்கிறது. ஆனால் அவர் ஒரு வீட்டுத் துண்டுக்குக் கொட்டுவதற்குப் பக்கத்திலேயே, காணி வியாபாரி ஒருவர் இருபது துண்டுக்குக் கொட்டுகிறார். இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். பயணத்துக்கு வந்த கூட்டத்தில் அந்த வியாபாரியும் இருப்பார். பெரும்பாலும் போஷகராக. ஆகவே இந்தப் பேச்சை வட்டையில் வைத்து எடுக்கவேண்டாம். வானை எங்கே நிறுத்தலாம் என்று கேட்டால் அவரே நல்ல இடம் காட்டுவார், புதிதாக மண் போட்டுச் சமப்படுத்திய இடம், சக்கரம் புதையாது.

பயண அறிக்கையைப் பத்திரிகைக்கு அனுப்பும்போது பெயர்கள் விடுபடாமல் பாருங்கள். பறவைப் பெயர்கள் விடுபட்டால் பரவாயில்லை. பிறகு ஒரு கூட்டம் போட்டுக் கணக்கு முடிக்கவேண்டும். தயிர்ச் சட்டியில் ஒன்று குறைந்த விவகாரம் தீர்ந்ததும் மீதிப் பணம் எவ்வளவு என்று பொருளாளர் வாசிப்பார். அந்தக் காசில் இன்னொரு பைனாகுலரும், படம் போட்ட ஒரு பறவைப் புத்தகமும் வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தால் என்ன என்று பின்வரிசையிலிருந்து ஒரு பொடியன் கேட்பான். வலைக்காரரோடு அரை மணித்தியாலம் நின்று கதைத்துவிட்டு வானுக்குப் பிந்தி வந்து ஏச்சு வாங்கியவன். நல்ல யோசனை, குறித்துக்கொள்கிறோம் என்று தலைவர் சொல்லவேண்டும். ஸ்பீக்கர் பெட்டியில் ஒரு பக்கம் கரகரக்கிறது, முதலில் அதைத் திருத்தவேண்டும் என்று செயலாளர் சொல்லவேண்டும். ஆமோதிப்பவர்கள் கையை உயர்த்தலாம்.